ஈரோட்டுப் போட்டிக்கு என்ன தலைப்பு வைக்கலாம்?

24 ஜூலை 2025, ஒரு வாசகர் கேட்டது

எங்கள் கல்லூரியில் அக்டோபரில் தமிழ் விவாதப் போட்டி வைக்கிறோம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் பக்கமிருந்து 16 அணிகள் வருகின்றன. பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை. சமூகம், அரசியல் சார்ந்த தலைப்புகள் வேண்டும். கல்லூரி முதல்வர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: உள்ளூர் விவகாரம் வேண்டாம், வம்பு வரும். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பொதுவான விஷயம், உலக விஷயம் போதும். இருபது தலைப்பு எழுதிப் போடுங்கள்.

24 ஜூலை, இரவு

இருபது தலைப்பு எழுத ஒரு மணி நேரம் போதும். இரண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்புள்ள தலைப்பு ஐந்து எழுதத்தான் ஒரு மாதம் வேண்டும். உங்களுக்குத் தேவை அந்த ஐந்து.

உள்ளூர் வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைத் தனியாக எழுதுகிறேன். முதலில் உங்கள் போட்டி முறை தலைப்பிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒரு அறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர். இரண்டு அணி ஒட்டி, இரண்டு அணி வெட்டி. எந்தப் பக்கம் என்பது பேசுகிறவர் கையில் இல்லை. தலைப்பு தெரிந்த 15 நிமிடத்தில் பேச எழ வேண்டும், ஆளுக்கு 7 நிமிடம். எட்டுப் பேர் 56 நிமிடம் பேசுவதற்கான சரக்கு அந்த ஒரு வரிக்குள் இருக்க வேண்டும். கடைசி அணி எழும்போதும் யாரும் தொடாத வாதம் ஒன்று மிச்சமிருக்க வேண்டும்.

"மது ஒழிப்பு அவசியம்" என்று வையுங்கள். மூன்றாவது ஆளுக்கே பேச ஒன்றும் மிஞ்சாது. வெட்டிப் பேச வந்த பிள்ளை "மதுவை நான் ஆதரிக்கவில்லை, ஆனால்..." என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கும். அங்கேயே அந்த அணி தோற்றுப் போச்சு. பழி தலைப்பு வைத்தவரைச் சேரும்.

25 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "பட்டிமன்றத்தில் காலங்காலமாக இப்படித்தானே தலைப்பு வைக்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மாரியம்மன் நோம்பிக்கு ஊர்ப் பந்தலில் விடிய விடியப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் நான். பேச்சு என்றால் என்ன என்று எனக்குக் காட்டியதே அந்தப் பந்தல்தான். கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்ற தலைப்பு அங்கே அருமையாக வேலை செய்யும். ஏனென்றால் அங்கே கேட்கிறவர்களைச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்து, கடைசியில் நடுவர் இரு தரப்பையும் சேர்த்துவைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

போட்டியில் நடுவர் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. நான்கு அணிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இடம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த இடத்துக்குக் காரணமும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் "வரமா சாபமா" வகைத் தலைப்பு இங்கே உதவாது. யார், என்ன செய்ய வேண்டும் என்று தலைப்பில் இருக்க வேண்டும். "கைப்பேசி மாணவர்களைக் கெடுக்கிறது" என்பது புலம்பல். "16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்வதை அரசு தடை செய்ய வேண்டும்" என்பது விவாதம். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் அப்படிச் சட்டமே இயற்றிவிட்டது. தடை போட்டால் யார் கண்காணிப்பது, வயதை எப்படிச் சோதிப்பது, பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள் என்று வாதம் தானாகக் கிளம்பும்.

27 ஜூலை

இப்போது உள்ளூர் விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு முக்கியம்.

பாலஸ்தீனம், செயற்கை நுண்ணறிவு, ஐ.நா. பாதுகாப்பு அவை என்று தலைப்பு வைத்தால் வம்பு வராதுதான். ஆனால் நம் பிள்ளைகள் அதைச் செய்தித்தாளில் படித்த அளவுக்குத்தான் பேசுவார்கள். ஆங்கிலத்தில் படித்துப் பழகிய நகரத்து அணிகளுக்கு நூறு கட்டுரை கையிலிருக்கும். அந்தியூரிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வருகிற அணிக்கு இருக்காது. அதே பிள்ளையிடம் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நமக்கே பாடம் எடுக்கும்.

ஒரு தலைப்பைச் சொல்கிறேன்: "கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைக்க வேண்டும்."

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பவானிசாகர் அணை 1948இல் கட்டத் தொடங்கி 1955இல் முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மண் வாய்க்கால். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மண் வாய்க்கால் என்பதால் வழியெல்லாம் கசிகிறது. அந்தக் கசிவில்தான் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறத்துக் கிணறுகள் ஊறுகின்றன, தென்னை நிற்கிறது, ஊர்க் குடிநீரும் அதில்தான். கான்கிரீட் போட்டால் அந்தக் கசிவு நின்றுபோகும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் கேட்பது வேறு: என் வயலும் வாய்க்காலின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் இருக்கிறது, நானும் தண்ணீர்த் தீர்வை கட்டுகிறேன், என் மதகுக்கு ஏன் தண்ணீர் வந்து சேரவில்லை? இரண்டு பேரும் விவசாயிகள், இரண்டு பேர் கேட்பதும் நியாயம். அரசு திட்டம் போட்டு, வேலை தொடங்கி, போராட்டம் வந்து, நீதிமன்றம் வரை போன விஷயம்.

இதைவிடச் சமமான தலைப்பு எனக்குத் தெரிந்து இந்தச் சீமையில் இல்லை. உரிமை பெரிதா பழக்கத்தால் வந்த பயன் பெரிதா, நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம், சட்டப்படி ஆயக்கட்டில் இல்லாத கிணற்றுக்காரருக்கு அரசு என்ன பொறுப்பு? அறுபது கேள்வி வரும்.

27 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

உள்ளூர்ப் பிரச்சினை எல்லாமே தலைப்பாகிவிடாது. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைத் தலைப்பாக வைக்கலாமா என்று அவினாசி நண்பர் கேட்கிறார். வேண்டாம். அறுபது ஆண்டுக் கோரிக்கை, 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தாயிற்று, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அதை வெட்டிப் பேசு என்றால் யாருக்கு வாய் வரும்? ஊரே கொண்டாடுகிற விஷயத்தில் விவாதம் கிடையாது. "ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரிநீரை இந்தக் குளங்களுக்குப் பகிர்வதை உள்ளூர் விவசாயிகள் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்" என்றால் பேசலாம்.

30 ஜூலை

"வாய்க்கால் தலைப்பு வைத்தால் கோபி, பவானிப் பிள்ளைகளுக்குச் சாதகமாகிவிடாதா?" என்று கோவையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஆகும். அதனால்தான் தலைப்போடு தகவல் குறிப்பு கொடுக்க வேண்டும். நான் மேலே எழுதியதில் பாதியைச் சுருக்கி ஐந்தாறு வரியில் கொடுத்தால் கிணற்றையே பார்க்காத பிள்ளையும் பேசலாம். குறிப்பில் உண்மை மட்டும் இருக்கட்டும். வாதம் ஒன்றுகூட அதில் எட்டிப் பார்க்கக் கூடாது. "ஆண்டாண்டு காலமாக வஞ்சிக்கப்பட்ட கடைமடை விவசாயிகள்" என்று எழுதினால் பாதித் தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது.

3 ஆகஸ்ட்

நேற்று எங்கள் பயிற்சி வகுப்பில் வாய்க்கால் தலைப்பைப் போட்டுப் பார்த்தோம். சீட்டுக் குலுக்கியதில் கான்கிரீட் வேண்டும் என்று பேசும் பக்கம் ஒரு பையனுக்கு விழுந்தது. அவன் குடும்பத்துக்கு வாய்க்காலுக்குக் கீழே தோட்டம், கிணற்றுப் பாசனம். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், எங்கப்பாரு கேட்டா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாருங்க" என்றான். 15 நிமிடம் தனியாக உட்கார்ந்தான். ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் வரைந்திருந்தான், ஒன்றில் தங்கள் கிணறு, இன்னொன்றில் கடைமடை வயல்.

எழுந்து பேசினான்: "வாய்க்கால்ல தண்ணி விட்ட பத்து நாள்ல எங்க கிணறு ஊறும். அது எங்களுக்குத் தெரியும். அதே பத்து நாள்ல கடைமடைக்காரர் மதகுகிட்ட நின்னு வாய்க்காலையே பார்த்துட்டிருப்பார். எங்க கிணத்துல ஏறுற தண்ணிக்கு அவர்தான் தீர்வை கட்டறார்." அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எதிரணியில் கோவைப் பெண் விடவில்லை. நடுவில் எழுந்து, "கடைமடைக்குத் தண்ணி போகாததுக்கு மண் கரை காரணமா, வழியில மோட்டார் வெச்சு உறிஞ்சறது காரணமா? மோட்டாரைக் கழட்டாம கான்கிரீட் போட்டா யாருக்கு லாபம்?" என்று கேட்டாள். அவனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவள் அணிதான் முதலிடம்.

வம்பு வரும் என்று பயப்படுகிற கல்லூரி முதல்வரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அப்பாருவிடம் அத்தனையும் சொல்லியிருக்கிறான். அவர் சண்டை போடவில்லை. "கடைமடைக்காரன் சொல்றதும் வாஸ்தவந்தான் கண்ணு, ஆனா நம்ம தென்னைக்கு என்ன பதில்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அவன் அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருகிறான்.

9 ஆகஸ்ட்

நீங்கள் பிறகு அனுப்பிய தலைப்புப் பட்டியலில் "பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்ய வேண்டும்" என்று ஒன்று இருந்தது. நேற்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் இந்தக் கல்வியாண்டு முதலே ரத்து என்று வந்துவிட்டது. அதற்காகத் தலைப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. "ரத்து செய்ததற்கு இந்த அவை வருந்துகிறது" என்று மாற்றினால் இன்னும் நல்ல தலைப்பு.

நாமக்கல் அணிகள் வருவதால் சொல்கிறேன். அந்தத் தேர்வு ஏன் வந்தது என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். விடுதியோடு நடத்தும் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். பிராய்லர் பள்ளி என்று பெயரே வந்தது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, 2017–18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது எடுத்தாயிற்று. பழைய நோய் திரும்புமா, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்குமா? இரண்டுக்கும் அந்த அறையிலேயே சாட்சிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

"வருந்துகிறது" தலைப்பில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒட்டிப் பேசுகிறவர்கள் மாற்று உலகம் ஒன்றைக் காட்ட வேண்டும்: ரத்து செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? புதுத் திட்டம் போடக் கூடாது. நடுவர்களுக்கே இதில் குழப்பம் வருவதால் போட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

17 ஆகஸ்ட்

இரண்டு மூன்று நாளாக இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதை வேண்டுமானாலும் விவாதிக்கலாம், விவாதம் என்பதே அதற்குத்தானே என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். "சாதி மறுப்புத் திருமணங்கள் சமூக அமைதியைக் குலைக்கின்றன" என்று தலைப்பு. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே 2016 மார்ச்சில், சாதி மறுத்து மணந்த இளைஞர் பட்டப்பகலில் கொல்லப்பட்டதைப் பார்த்த சீமை இது. ஒட்டிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு பெண் எழுந்தாள். காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தேநீர் இடைவேளையில் அவள் தோழி என்னிடம் வந்து, "அவ அப்பா அம்மாவே அப்படிக் கல்யாணம் பண்ணவங்க சார்" என்றாள். மதிப்பெண் தாளில் அவளுக்கு நான் என்ன எழுதுவது?

என் கோடு இதுதான்: ஒரு பிள்ளை தான் பிறந்தது சரியா தவறா என்று பேச வேண்டிய தலைப்பை வைக்காதீர்கள். பெண், தலித், முஸ்லிம், திருநங்கை, யாராக இருந்தாலும் அவர்கள் மதிப்பு விவாதத்துக்குரியது இல்லை. அரசு என்ன செய்ய வேண்டும் என்பது விவாதத்துக்குரியது.

அதே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டும்." போன மாதம் நெல்லையில் நடந்த கொலைக்குப் பிறகு இந்தக் கோரிக்கை மறுபடி எழுந்திருக்கிறது. இதில் எந்தப் பக்கம் பேசினாலும் யாரும் கொலையை ஆதரிக்க வேண்டியதில்லை. ஒட்டுபவர், மிரட்டல், வீட்டுக்காவல், ஊர்க்கூட்டம் என்று கொலைக்கு முன்னால் நடப்பதைப் பிடிக்கச் சட்டம் வேண்டும் என்பார். வெட்டுபவர், கொலைக்குச் சட்டம் இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 2018இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் பாதுகாப்பு இல்லங்கள், தனிப்பிரிவு என்று வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது, அதை நடைமுறைப்படுத்தாத அரசு புதுச் சட்டம் எழுதித் தப்பித்துக்கொள்ளும் என்பார். இரண்டு பக்கமும் அப்படிக் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைக் காப்பாற்றத்தான் பேசுகிறது.

18 ஆகஸ்ட்

"அப்படியானால் இடஒதுக்கீடு?" என்று கேள்வி வந்திருக்கிறது. "இடஒதுக்கீடு தேவையா" என்பதை வைக்க மாட்டேன். "அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிக்க வேண்டும்" என்பதை வைப்பேன். 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்து, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் போன ஒதுக்கீடு. உதவி பெறும் பள்ளியில் படிப்பவர்களும் ஏழைகள்தான். விரித்தால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் இடம் குறையும். கடினமான கேள்வி.

24 ஆகஸ்ட்

பல்லடத்திலிருந்து எழுதியவருக்கு: பஞ்சாலை விடுதி பற்றித் தலைப்பு கட்டாயம் வையுங்கள். "பஞ்சாலை வளாகத்துக்குள் பெண் தொழிலாளர் விடுதி நடத்துவதைத் தடை செய்ய வேண்டும்." சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருடம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் மொத்தத் தொகை கொடுப்பதாகச் சொன்ன காலம் நமக்குத் தெரியும். கேட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டு, வாரத்தில் ஒரு நாள் ஊர்க் கடைக்கு வேனில் போய் வேனில் வருவது, வீட்டோடு பேசும்போது பக்கத்தில் வார்டன். ஒட்டுபவர்களுக்கு இது போதும்.

வெட்டுபவர்களுக்கும் உண்மையான வாதம் இருக்கிறது. விடுதி இருப்பதால்தான் வெளியூர்த் தகப்பன் பெண்ணை வேலைக்கு அனுப்புகிறான். விடுதியை மூடினால் அவள் வாடகை அறைக்கு வருவாள் என்று சொல்ல முடியாது, வேலையை விட்டு ஊருக்குப் போவாள். அங்கே அவளுக்கு உடனே கல்யாணம். இதை ஒரு மாணவி சொல்லிக் கேட்டேன், அவள் அக்கா மில்லில் வேலை பார்த்தவள். "எங்கக்கா சம்பாதிச்ச காசுலதான் நான் காலேஜ் வந்தேன்" என்று ஆரம்பித்து, அந்த விடுதியின் கெடுபிடியையும் மறைக்காமல் சொல்லி, ஆனாலும் தடை வேண்டாம், ஆய்வு வேண்டும் என்று முடித்தாள். சொந்தக் கதையை மதிப்பெண்ணுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு நடுவர் சொன்னார். கதையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் சார், அவள் காட்டிய காரணத்தை எடுங்கள். காரணம் வலுவாக இருந்தது.

31 ஆகஸ்ட்

வெளிமாநிலத் தொழிலாளர். எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். "வட மாநிலத்தவர் வருகை தமிழகத்துக்கு ஆபத்து" என்று ஒருவர் எழுதிய தலைப்பு 17ஆம் தேதி எழுதியதிலேயே அடிபட்டுப் போகிறது. 2023 மார்ச்சில் பொய்யான வீடியோக்கள் பரவி, திருப்பூரில் ரயில் நிலையம் நிறைய ஆட்கள் ஊருக்குக் கிளம்பி நின்றதை மறக்க வேண்டாம். இப்படி வையுங்கள்: "பின்னலாடை நிறுவனங்களில் உள்ளூர்வாசிகளுக்கு வேலை ஒதுக்கீடு செய்ய வேண்டும்." ஹரியானா தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூருக்கு என்று சட்டம் போட்டு, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதைத் தகவல் குறிப்பில் கொடுங்கள்.

இந்தத் தலைப்பு வெட்டுபவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்று நினைக்கிறேன். ஆள் கிடைக்காமல் ஆர்டர் தவறிய கதை திருப்பூரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும், அந்தப் பக்கம் உதாரணம் கொட்டும். "வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியில் தொடக்கக் கல்வியை அரசு தர வேண்டும்" என்பது இன்னும் சமமாக வரும். அரைப் பாவாடையும் ஹவாய்ச் செருப்புமாகத் தமிழ் 'அ'னா எழுதுகிற ஒடியாக் குழந்தைகளை நம் அரசுப் பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு எது நல்லது என்று எனக்கே முடிவான எண்ணம் இல்லை. அதனாலேயே இந்தத் தலைப்பு பிடித்திருக்கிறது.

7 செப்டம்பர்

"மாணவர் விவாதத்தால் என்ன மாறிவிடப் போகிறது, இதற்கு இத்தனை கவலையா" என்று ஒருவர். 1933 பிப்ரவரி 9 அன்று ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தில் "மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் இந்த அவை எந்தச் சூழலிலும் போரிடாது" என்ற தீர்மானம் 275க்கு 153 என்று ஜெயித்தது. பத்திரிகைகள் கொதித்தன, நாட்டுக்கே அவமானம் என்றார்கள். மாணவர்கள் ஒரு ராத்திரி பேசியதுதான்! சட்டம் எதுவும் மாறவில்லை. ஆனால் ஒரு தலைமுறை என்ன நினைக்கிறது என்று நாடே திரும்பிப் பார்த்தது.

நம் ஊருக்கும் சொல்லலாம். 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1972இல் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. அந்தப் போராட்டங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். "விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் பொருத்த வேண்டும்" என்று அவர்களிடம் தலைப்பு கொடுங்கள். மீட்டர் பொருத்தினாலே கட்டணம் வரும் என்று ஒரு தரப்பு. நிலத்தடி நீர் எங்கே போகிறது என்று அளக்காமலே ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று இன்னொரு தரப்பு. அவர்கள் பேசாமல் யார் பேசுவது?

14 செப்டம்பர்

இலவசம் பற்றி. "இலவசங்கள் மக்களைச் சோம்பேறியாக்குகின்றன" வேண்டவே வேண்டாம். வாக்குறுதியாக இலவசம் தருவது தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்தப் பேச்சு பத்து வருடமாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. மகளிர் உரிமைத்தொகையை எடுங்கள்: "வருமான, நில வரம்புகளை நீக்கி எல்லாப் பெண்களுக்கும் தர வேண்டும்." நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் இருந்தால் இல்லை என்பது விதி. காங்கயம், மூலனூர் பக்கம் 12 ஏக்கர் மேட்டுக்காடு வைத்துக்கொண்டு ஆட்டை மேய்த்துப் பிழைக்கிற வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கையில் என்ன இருக்கிறது? நிலம் புருஷன் பெயரில். பேசட்டும்.

1 அக்டோபர்

கரூரில் செப்டம்பர் 27 அன்று த.வெ.க. பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் உண்டு. "நிகழ்காலத் தலைப்பு வேண்டும், இதை இறுதிச் சுற்றுக்கு வைக்கலாம்" என்று அமைப்பாளர்களில் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார்.

வைக்காதீர்கள். கரூர் அணிகள் வருகிறார்கள். அவர்கள் தெருவில் துக்க வீடு இருக்கும். இறந்தவர் யாருக்காவது வகுப்புத் தோழராக இருக்கலாம். அரசியல் கூட்டங்களுக்கு நெறிமுறை, சாலைப் பிரசாரத்துக்குத் தடை, பொறுப்பு யார் மீது, எல்லாமே பேச வேண்டியவை, அடுத்த ஆண்டு நானே எழுதித் தருகிறேன். இன்று அந்த அறையில் யார் யாருடைய பக்கம் பேசினாலும் அது வாதமாக இருக்காது. இவ்வளவு நாளும் உள்ளூர் உள்ளூர் என்று நான் எழுதியதற்கு இது முரண் என்று நினைப்பவர்கள் ஒரு கரூர் மாணவரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

2 அக்டோபர்

அமைப்பாளர் ஒத்துக்கொண்டார். நன்றி.

12 அக்டோபர்

போட்டி நேற்றும் இன்றும் முடிந்தது. வாய்க்கால், பஞ்சாலை விடுதி, 7.5 சதவீதம், பிளஸ் ஒன் தேர்வு நான்கும் முதற்கட்டச் சுற்றுகள். ஆணவக் கொலைச் சட்டம் இறுதிச் சுற்று. கல்லூரி முதல்வர் முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். வம்பு எதுவும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியும் வாய்க்கால் அறையில் இரண்டு அணிகள் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பு சமமாக இருந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. முதலிடத்துக்கு 3, அப்புறம் 2, 1, 0. நான்கு அறை என்றால் பேசும் வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் சராசரியாக 6 புள்ளி வர வேண்டும். அதாவது முதல் ஒட்டும் அணிகள் நான்கும் சேர்ந்து 6 பக்கம் வந்தால் சரி. வாய்க்கால் தலைப்பில் 5, 7, 6, 6. இதற்கு மேல் என்ன வேண்டும்! பஞ்சாலை விடுதியில் ஒட்டும் இரண்டு இடங்களுக்கு 3, 4, வெட்டும் இரண்டுக்கு 8, 9, வெட்டும் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. நான்கு அறையை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் "தடை" என்ற சொல் ஒட்டுபவர்கள் தோளில் அதிகச் சுமையை ஏற்றிவிட்டது என்று தோன்றுகிறது. தடை போட்டால் மறுநாள் அந்தப் பெண்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்விக்கு யாராலும் 15 நிமிடத்தில் பதில் தயாரிக்க முடியவில்லை.

அடுத்த முறைக்கு: "பஞ்சாலைப் பெண் தொழிலாளர் விடுதிகளை ஆலை நிர்வாகத்திடமிருந்து எடுத்து அரசே நடத்த வேண்டும்." சேலம், திண்டுக்கல் பக்கம் இருப்பவர்கள் இதைப் பயிற்சியில் போட்டுப் பார்த்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். அரசு நடத்தும் பணிபுரியும் மகளிர் விடுதிகளின் விதிமுறை, கட்டணம் கையில் இருப்பவர்கள் அனுப்பினால் தகவல் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.